கற்றல் பேறு நான்கு

நாற்பத்தொரு பாரங்கள்.
முப்பத்தாறில், முதல் கேள்வி முதல் கடைசி வரை,
மூன்றாம் கட்டத்திலேயே பேனா இறங்கியிருக்கிறது.
பாடத்திட்டம் பயனுள்ளது: மூன்று.
விரிவுரையாளர் தெளிவாக விளக்குகிறார்: மூன்று.
இந்தத் துறையிலேயே தொடர விரும்புகிறேன்:
அதற்கும் மூன்று.
லோகேஸ்வரன் மட்டும் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டு,
பெயர் எழுத வேண்டாத தாளில்
பெயரும் எழுதி
கைப்பேசி எண்ணும் கொடுத்திருக்கிறான்.

மூன்று என்றால் என்ன?
பாடாங் செராய் பேருந்து நிறுத்தத்தில்
"பசியாறியாச்சா?" என்று கேட்டால்
ஆமாவுக்கும் இல்லைக்கும் ஒரே அசைவாக
ஒரு தலையாட்டு வருமே,
அதுவா?
மென்பொருளிடம் கேட்டேன்.
மூன்று புள்ளி பூச்சியம் நான்கு என்றது.
'மாணவர் மனப்பான்மை: மிதம்' என்று
தலைப்புப் போட்டு, அட்டவணைக்கு நீல நிறம் அடித்தேன்.

ஒரு தாளின் பின்பக்கம் மட்டும்
பென்சிலில் ஒரு வரி:
'படத்தில் இருந்தேன். விடைத்தாளில் இல்லை.'

கையெழுத்து எனக்குத் தெரியும்.
தெரியக் கூடாது; விதி அப்படி.

மார்ச் மாதம், இரண்டாம் டிவிஷனில்
ட்ரோன் பறக்கவிட்ட செய்முறை வகுப்பு.
சனிக்கிழமை, நல்ல வெயில்.
வராதவர்கள் ஒன்பது பேர்.
கட்டைவிரல்களால் வானத்தை நகர்த்திக்கொண்டிருந்தவர்களை
நானே கைப்பேசியில் படமெடுத்து
விளம்பரத் தாளுக்கு அனுப்பினேன்.
அடுத்த வாரச் சோதனையில் கேள்வி:
கீழ்க்காணும் வான்படத்தில் செம்பனை மரங்கள் எத்தனை?

துர்காஷினி எழுதியிருந்தாள்:
மரம் 4112. ஆள் 1.

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவும் என்று
சிவப்பு மையில் அரை மதிப்பெண் குறைத்தேன்.
அவள் வாதாடவில்லை.
ஒன்பது பேரில் அவளும் ஒருத்தி என்பதையோ,
சனி ஞாயிறில் அதே டிவிஷனில்
மூட்டைக் கணக்கில் உதிரிப் பழம் பொறுக்குவதையோ
சொல்லவில்லை.
இப்போதுதான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
பதினேழாம் நிரை, மட்டைகளுக்கு நடுவே
ஒரு சிவப்புப் புள்ளி.
பக்கெட்.
பக்கத்தில் குனிந்திருக்கும் நிழலுக்கு
முகம் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை பாடத்திட்ட மறுஆய்வு.
தலைமையகத்திலிருந்து இருவர்,
ஒரு தட்டுக் கறிபாப்,
வேலை செய்யாத ஏர்கோன்.
புவான் நோரிதா திரையில் காட்டினார்:
ஆர்வம் குறைவு, வருகை குறைவு,
இளையோர் மனப்பான்மையே மாற வேண்டும்.
மிஸ்டர் தியோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி
ஊக்கமூட்டும் முகாம் ஒன்று, இரண்டு நாள், பினாங்கில் என்றார்.

நான் எழுந்து
கற்றல் பேறு நான்கைத் திருத்தலாம் என்றேன்.
'மாணவர், தோட்டத்தின் மரங்களோடு
அங்கே வேலை செய்பவர்களையும் கணக்கில் கொள்வர்.'

சிறிது நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு, 'கணக்கில் கொள்வர்' அளக்கக்கூடிய வினைச்சொல் அல்ல என்றார்கள்.
அளக்கக்கூடிய வினைச்சொற்களின் பட்டியல்
பின்னிணைப்பில் இருந்தது.
பேசிப் பேசி, நாலே முக்காலுக்கு அது
'தொடர்புத் திறனை வெளிப்படுத்துவர்' என்றானது.
ஏகமனதாக நிறைவேறியது.
நானும் கை தூக்கினேன்.
அதைச் சொல்லாமல் விட்டால்
இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன்.
"பரவால்ல சார், கிரேடு மாறாது" என்றாள்,
ஹெல்மெட் வாரை இழுத்துக்கொண்டே.
உண்மைதான். மாறவில்லை.

இந்தப் பருவமும் அதே பாரம்,
அதே பன்னிரண்டு கேள்விகள்.
பதினொன்றில் ஒருவர்
மூன்றுக்கும் நான்குக்கும் இடையே,
சரியாகக் கோட்டின் மேல்
பேனாவால் அழுத்திக் குறி போட்டிருக்கிறார்.
இம்முறை யார் கையெழுத்தென்று தெரியவில்லை.
பெட்டிக்குள் ஒரே ஒரு முழு எண்தான் ஏறும்.
மூன்று என்று தட்டினேன்.
அழித்தேன்.
இரவு பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும்.